மூடியாச்சு என்று அறிவித்த பிறகு: ஆஸ்டின் குளிர்ப்புயலும் நம் ஊர் வளாகங்களும்

2021 பிப்ரவரி 15, திங்கட்கிழமை. அதிகாலை ஒன்றரை மணிக்குக் கொஞ்சம் முன்னதாக, டெக்சஸ் மாநிலத்தின் மின்கட்டமைப்பை இயக்கும் எர்காட் அமைப்பு, மின்சாரத்தை வெட்டும்படி விநியோக நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டது. மாநிலம் முழுக்க உறைகுளிர். எரிவாயுக் கிணறுகள் உறைந்து கிடந்தன. மின்நிலையங்களின் குழாய்களும் அளவுமானிகளும் உறைந்தன. காற்றாலைகளின் இறக்கைகளில் பனி ஏறியிருந்தது. 60 ஹெர்ட்ஸில் ஓட வேண்டிய கட்டமைப்பின் அலைவெண் 59.4-க்கும் கீழே இறங்கி, நான்கு நிமிடத்துக்கு மேல் அங்கேயே நின்றது. அது ஒன்பது நிமிடம் நீடித்திருந்தால் மின்னாக்கிகள் தாமாகவே கழன்றுகொண்டு மாநிலத்தின் பெரும்பகுதி ஒரேயடியாக இருண்டிருக்கும். அதைத் தடுக்க 20,000 மெகாவாட் வரை வெட்டினார்கள். 4.5 மில்லியனுக்கும் மேற்பட்ட வீடுகளும் தொழிலிடங்களும் மின்சாரம் இழந்தன. மாநில அரசின் கணக்குப்படி இறந்தவர்கள் 246 பேர். அதில் பெரும்பாலோர் குளிரால் உயிர்விட்டவர்கள்.

நான் சிங்கப்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தின் வளாகப் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்களிடம் பனி அள்ளும் வண்டியும் கிடையாது, கொதிகலனும் கிடையாது. ஆனாலும் புகைமூட்டத்துக்கும் அடைமழைக்கும் திட்டம் எழுதும்போது நான் எடுத்துப் படிப்பது டெக்சஸின் தலைநகரான ஆஸ்டினின் கதையைத்தான். மினசோட்டாவும் மிச்சிகனும் பனியிலேயே பிறந்து வளர்ந்த வளாகங்கள். ஆஸ்டின் நம்மைப் போல வெயில் ஊர். எதற்காகக் கட்டப்படவில்லையோ அது வந்து இறங்கும்போது ஒரு பல்கலைக்கழகம் என்ன செய்யும், யாரிடம் என்ன சொல்லும் என்பதை அங்கேதான் நன்றாகப் பார்க்க முடிகிறது.

பனி ஊரில் எப்படி முடிவெடுக்கிறார்கள்

முதலில், பழக்கப்பட்டவர்கள் செய்வதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பனி ஊர் வளாகங்களில் தோட்டப் பிரிவு, சாலைப் பிரிவு ஆட்கள் விடியும் முன்பே வந்துவிடுவார்கள். நடைபாதை, படிக்கட்டு, சக்கர நாற்காலிச் சரிவு, தீயணைப்பு வண்டி வரும் வழி எல்லாவற்றையும் அவர்கள்தான் திறக்க வேண்டும். சாதாரண உப்பு சுமார் மைனஸ் 9 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் சரியாக வேலை செய்யாது. அப்போது கால்சியம் குளோரைடு போன்றவற்றைக் கலப்பார்கள், அல்லது கால் வழுக்காமல் இருக்க மணல் தூவுவார்கள். இவர்கள் தரும் நிலவரம், வானிலை அறிக்கை, நகரப் பேருந்து ஓடுகிறதா என்ற தகவல் மூன்றையும் வைத்து மேலிடம் முடிவெடுக்கும். முடிவு விடியற்காலையிலேயே வெளியாக வேண்டும். இரண்டு மணி நேரம் கார் ஓட்டி வருகிறவர் வீட்டிலிருந்து கிளம்பிய பிறகு வரும் அறிவிப்பால் அவருக்கு ஒரு பயனும் இல்லை.

மிச்சிகன் பல்கலைக்கழகம் வகுப்புகளை லேசில் ரத்து செய்யாது. 2019 ஜனவரி 30, 31 தேதிகளில் துருவக் குளிர்காற்று இறங்கியபோது செய்தது. அதற்கு முன்பு 2014-இல் ஒரு முறை, அதற்கும் முன்பு 1978 பனிப்புயலில். 2019-இல் பனியின் ஆழத்தைவிடக் காற்றின் கடுமைதான் பெரிய பிரச்சினை. காற்றோடு சேர்ந்த குளிர் மைனஸ் 28 பாகைக்கு இறங்கினால், மூடாத தோலில் அரை மணி நேரத்திலேயே உறைபுண் வரலாம். பேருந்து நிறுத்தத்தில் காத்திருப்பதே ஆபத்து.

இப்படிப்பட்ட அறிவிப்புகளில் இரண்டு விஷயங்களைப் பிரித்துச் சொல்வார்கள். வகுப்பு ரத்து என்பது ஒன்று. வளாகம் மூடல் என்பது வேறு. விடுதிகள் இருக்கும் பல்கலைக்கழகத்தை முழுவதுமாக மூடவே முடியாது. ஆயிரக்கணக்கான மாணவர்களுக்கு அன்றைக்கும் மூன்று வேளை சாப்பாடு வேண்டும். ஆய்வுக்கூட எலிகளுக்குத் தீனி வேண்டும். மைனஸ் 80 பாகை உறைபெட்டிகள் ஓட வேண்டும். வெளிக்காற்றை இழுக்கும் காற்றோட்டக் கருவிகளின் சுருள் உறைந்து வெடிக்காமல் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே "மூடியாச்சு" என்ற அறிவிப்பு வரும்போதே, அந்த அறிவிப்பு யாருக்குப் பொருந்தாது என்பதும் முடிவாகியிருக்கும். அவர்களை அத்தியாவசிய ஊழியர் என்று முன்கூட்டியே எழுத்தில் குறித்து வைப்பார்கள். சமையல்காரர்களில் சிலர் முதல் நாள் இரவே வளாகத்தில் படுத்துக்கொள்வது பல இடங்களில் வழக்கம்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் செய்தி அனுப்புவதில் இவ்வளவு கவனமாக இருப்பதற்குச் சட்டமும் ஒரு காரணம். 2007 ஏப்ரல் 16 அன்று வர்ஜீனியா டெக் வளாகத்தில் காலை 7.15 மணி அளவில் முதல் துப்பாக்கிச்சூடு நடந்தது. மாணவர்களுக்கு முதல் மின்னஞ்சல் போனது 9.26 மணிக்கு. அதன் பிறகுதான் பெரும்பாலான உயிர்கள் போயின. அடுத்த ஆண்டே, வளாகப் பாதுகாப்பு பற்றிய கிளெரி சட்டம் திருத்தப்பட்டது. வளாகத்தில் இருப்பவர்களின் உயிருக்கு உடனடி ஆபத்து என்று உறுதியானால், தாமதமின்றி எல்லாருக்கும் அறிவிக்க வேண்டும். அந்த அமைப்பை ஆண்டுக்கு ஒரு முறையாவது சோதித்துப் பார்க்கவும் வேண்டும். வானிலை ஆபத்தும் இதில் அடங்கும்.

ஆஸ்டினில் நடந்தது

டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் 50,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள். அந்த வளாகத்துக்குச் சொந்த மின்நிலையம் இருக்கிறது. எரிவாயுவில் ஓடும் அந்த நிலையம் மின்சாரம், நீராவி, குளிர்நீர் மூன்றையும் தானே ஆக்குகிறது. நகரின் மின்சாரம் மாற்று ஏற்பாடு மட்டும்தான். அதனால் ஊர் இருண்டபோது பிரதான வளாகத்தில் விளக்கு எரிந்தது.

இத்தோடு நிறுத்தினால் இது வெற்றிக் கதை. ஆனால் மாணவர்களில் பெரும்பாலோர் வளாக விடுதியில் வசிப்பதில்லை. தெருவைத் தாண்டினால் மேற்கு வளாகம் என்று அவர்கள் அழைக்கும் பகுதி. தனியார் அடுக்குமாடிகள், வாடகை அறைகள். அங்கே மின்சாரம் போயிற்று. ஆஸ்டின் நகர மின்நிறுவனத்தின் வாடிக்கையாளர்களில் 200,000-க்கும் மேற்பட்டோர் இருட்டில் இருந்தார்கள். பல்கலைக்கழகம் வளாகத்துக்குள் சூடான இடங்களைத் திறந்துவிட்டது. உறைந்த சாலையில், டயருக்குச் சங்கிலி இல்லாத ஊரில், நடந்து வந்துசேர முடிந்தவர்கள் வந்தார்கள்.

அடுத்து தண்ணீர். இது என்னை இன்னும் அதிகமாக உறுத்துகிறது. குழாய் உறையாமல் இருக்கத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஓடவிடுங்கள் என்று எல்லாருக்கும் சொல்லியிருந்தார்கள். ஒரு வீட்டுக்கு அது சரியான அறிவுரை. ஊரே அதைச் செய்ய, இன்னொரு பக்கம் ஆயிரக்கணக்கான குழாய்கள் வெடிக்க, நகரின் நீர்த்தொட்டிகள் வற்றின. பிப்ரவரி 17 அன்று நகரின் மிகப் பெரிய சுத்திகரிப்பு நிலையமான உல்ரிக்கில் மின்சாரமும் போனது. அன்றே தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்ற அறிவிப்பு நகரம் முழுவதுக்கும் வந்தது. அது பிப்ரவரி 23 வரை நீடித்தது. மின்சாரம் இல்லாத வீட்டில் தண்ணீரை எதை வைத்துக் கொதிக்கவைப்பது? சொந்த மின்நிலையம் வைத்திருந்த பல்கலைக்கழகமும் தண்ணீருக்கு நகரத்தைத்தான் நம்பியிருந்தது. விளக்கு எரியும் விடுதியில் குழாயைத் திறந்தால் தண்ணீர் சரியாக வராத நிலை.

வகுப்புகள் ஒரு வாரத்துக்கும் மேலாக நடக்கவில்லை. அது கொவிட் காலம், பெரும்பாலான பாடங்கள் ஏற்கெனவே இணையத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தன. வளாகத்துக்கு யாரும் வர வேண்டாம், வீட்டிலிருந்தே பாடம் என்ற ஏற்பாடு கையில் தயாராக இருந்தும் பயன்படவில்லை. வீட்டில் மின்சாரமும் இணையமும் இருந்தால்தானே பாடம்? நம் ஊரிலும் இப்போது எந்த நெருக்கடி என்றாலும் முதலில் வாயில் வருவது "இணையத்துக்கு மாற்றிவிடலாம்" என்பதுதான். அந்த மாற்று எதன்மேல் நிற்கிறது என்று பார்க்காமல் அதைத் திட்டத்தில் எழுதுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

சொன்ன சொல்லும் சேராத சொல்லும்

மின்வெட்டைப் பற்றி மக்களுக்கு முதலில் என்ன சொன்னார்கள் தெரியுமா? சுழற்சி முறையில் வெட்டுவோம், ஒவ்வொரு பகுதிக்கும் கொஞ்ச நேரம்தான் என்றார்கள். திட்டம் உண்மையில் அப்படித்தான் இருந்தது. ஆனால் வெட்ட வேண்டிய அளவு மிகப் பெரிது. மருத்துவமனை, அவசரச் சேவை போன்றவை இருக்கும் மின்தடங்களை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் வெட்டியாயிற்று. சுழற்றுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. போன மின்சாரம் நாள் கணக்கில் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் வந்துவிடும் என்று நம்பியவர்கள் போர்வையைப் போர்த்திக்கொண்டு காத்திருந்தார்கள். கைபேசியில் மின்னேற்றம் இருந்தபோதே நண்பர் வீட்டுக்கோ தங்குமிடத்துக்கோ போயிருக்கக்கூடியவர்கள், அது தீர்ந்த பிறகுதான் கிளம்ப நினைத்தார்கள். "எப்போது வரும் என்று இப்போதைக்குச் சொல்ல முடியாது, இரவுக்கு வேறு இடம் பாருங்கள்" என்று முதல் மணி நேரத்திலேயே சொல்லியிருந்தால் பலர் அந்த முடிவை எடுத்திருப்பார்கள்.

அடுத்தது மொழி. ஆஸ்டின் நகரத் தணிக்கையாளர் அலுவலகம் அதே ஆண்டு வெளியிட்ட ஆய்வில், நகரம் இந்தப் புயலுக்குத் தயாராக இல்லை என்று எழுதியது. ஆங்கிலம் அதிகம் தெரியாதவர்களுக்குத் தகவல் சரியாகச் சேரவில்லை என்பதும் அதில் வருகிறது. குளிர் தாங்காமல் கரி அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவந்தவர்கள், மூடிய கொட்டகையில் காரை ஓடவிட்டவர்கள் கார்பன் மோனாக்சைடு நச்சில் சிக்கினார்கள். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. எச்சரிக்கை புரிகிற மொழியில் வரவில்லை என்றால் அது ஆபத்து என்று ஒருவருக்கு எப்படித் தெரியும்?

இங்கே

சிங்கப்பூரில் நமக்கு ஆஸ்டின் அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் வளாகத்தை மூடுவதா என்ற கேள்வி நம்மையும் தொட்டிருக்கிறது. 2013 ஜூன் 21 அன்று மூன்று மணி நேரக் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401-ஐத் தொட்டது. அது விடுமுறைக் காலம், வகுப்பறைகள் காலி. 2015 செப்டம்பர் நிலைமை வேறு. குறியீடு 300-ஐ நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது, 24-ஆம் தேதி மாலை கல்வி அமைச்சு மறுநாள் எல்லாத் தொடக்கப்பள்ளிகளும் உயர்நிலைப்பள்ளிகளும் மூடப்படும் என்று அறிவித்தது. பள்ளிகளுக்கு ஒரே அமைச்சு, ஒரே அறிவிப்பு. பல்கலைக்கழகம் அப்படியில்லை. பாடம், விடுதி, ஆய்வுக்கூடம், உணவங்காடி, விளையாட்டுத்திடல் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பொறுப்பாளர். அவர்களுக்குக் கீழே ஒப்பந்த நிறுவனங்கள். அந்த நிறுவனங்களுக்குக் கீழே துணை ஒப்பந்தம்.

அந்த வாரத்தில் பார்த்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வெளிப்புற நடவடிக்கைகள் எல்லாம் நிறுத்தம் என்று மாணவர்களுக்கும் ஊழியர்களுக்கும் மின்னஞ்சல் போய்விட்டது. சரக்கு இறக்கும் இடத்துக்குப் பக்கத்தில் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பி புல் வெட்டிக்கொண்டிருந்தான். முகத்தில் என்95 கவசம் இருந்தது. அதற்கு இரண்டு பட்டை உண்டு. ஒன்று தலைக்கு மேலே, ஒன்று கழுத்துக்குப் பின்னால். அவன் கழுத்துப் பட்டையைத் தாடைக்குக் கீழே தொங்கவிட்டிருந்தான். மூக்கின் மேல் இருக்கும் கம்பியை அழுத்தவில்லை. இரண்டு பக்கமும் காற்று தாராளமாக உள்ளே போய்வந்தது.

"தம்பி, வேலையை நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லலையா?"

"இல்லண்ணே. சூப்பர்வைசர் ஒண்ணும் சொல்லல. நிறுத்தினா பாதி நாள் சம்பளம் போயிடுமேண்ணே."

கவசத்தை எப்படி மாட்டுவது என்று காட்டினேன், சரியாக மாட்டிக்கொண்டான். ஆனால் இயந்திரத்தை அணைக்கவில்லை. அவனுடைய சூப்பர்வைசரை அழைத்து, அவர் தம் கம்பெனியைக் கேட்டு, சம்பளம் பிடிக்க மாட்டோம் என்று வாய்மொழியாக உறுதி வந்த பிறகுதான் அணைத்தான். அந்தத் தம்பிமேல் எனக்குத் துளியும் குறையில்லை. ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டியவன், கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டான். எங்கள் அறிவிப்பில் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. அந்த அறிவிப்பே அவனுக்கு வரவில்லை. அவனிடம் பல்கலைக்கழக மின்னஞ்சல் முகவரி கிடையாது.

ஆஸ்டின் அறிக்கைகளை நான் படித்தபோது என் மனத்தில் நின்றது இதுதான். வளாகம் மூடிய பிறகும் வெளியே நிற்கப்போகிறவர்கள் சேதியைக் கடைசியாகக் கேட்கிறார்கள், சில நேரம் கேட்பதே இல்லை. அவர்களுக்குத்தான் முதலில் போக வேண்டும், அவர்கள் பேசும் மொழியில். நான்கு அதிகாரத்துவ மொழிகள் உள்ள நாட்டில், ரயில் நிலையத்தில்கூடத் தமிழ்ப் பலகை இருக்கும் நாட்டில், வளாக அவசரச் செய்தி மட்டும் ஆங்கிலத்தில் போனால் போதும் என்று இருப்பது சரியில்லை. தமிழ் தவிர வங்காளமும் பர்மியமும் சீனமும் எங்கள் வளாகத்துக்குத் தேவை.

இன்றைக்கு எங்கள் தோட்டப் பிரிவுக்கும் துப்புரவுப் பிரிவுக்கும் வாட்ஸ்அப் குரல்பதிவாகச் சேதி போகிறது. எழுத்தைவிடக் குரலுக்கு மதிப்பு அதிகம். கையுறையைக் கழற்றாமல் கேட்கலாம், லாரியில் பத்துப் பேர் சேர்ந்தும் கேட்கலாம். புகைமூட்டத்துக்கான தமிழ்ப் பதிவு ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"தம்பிகளா, காற்று ரொம்ப மோசமா இருக்கு. வெளி வேலையை இப்பவே நிறுத்துங்க. மெஷினைப் பூட்டிட்டு விளையாட்டுக் கூடத்தோட கீழ்த்தளத்துக்கு வாங்க. அங்க ஏசி இருக்கு, தண்ணி இருக்கு. இன்னைக்குச் சம்பளம் பிடிக்க மாட்டாங்க, கம்பெனிகிட்ட பேசியாச்சு. அடுத்த சேதி 2 மணிக்கு வரும். கேட்டவங்க பேரைப் போடுங்க."

சம்பளம் பற்றிய அந்த ஒரு வரிக்குத்தான் ஒப்பந்தப் பேச்சில் அதிக நேரம் போனது. வானிலையால் வேலை நின்றால் அன்றைய கூலி யார் பொறுப்பு என்பது இப்போது ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. அமெரிக்காவில் அத்தியாவசிய ஊழியர் யார் என்று குளிர்காலத்துக்கு முன்பே எழுதி வைக்கிறார்களே, அதற்கு இணையான ஏற்பாடு என்று இதைச் சொல்லலாம். அடுத்த சேதி எப்போது என்று நேரம் குறிப்பதும் ஆஸ்டினைப் படித்த பிறகு சேர்த்ததுதான். புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும் 2 மணிக்குப் பேச வேண்டும்.

எந்த எண்ணைப் பார்த்து நிறுத்துவது என்பதிலும் ஒரு தெளிவு வேண்டும். 2015-இல் மக்கள் 24 மணி நேரக் குறியீட்டையும் மூன்று மணி நேரக் குறியீட்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டார்கள். 2016-இல் தேசியச் சுற்றுப்புற வாரியம் காற்றில் உள்ள மிக நுண்ணிய துகள்களைக் குறிக்கும் பிஎம்2.5-இன் ஒரு மணி நேர அளவுக்குப் படிநிலைகளைக் கொண்டுவந்தது. 55 வரை வழக்கநிலை, 151 முதல் அதிகம், 250-ஐத் தாண்டினால் மிக அதிகம். இப்போது வெளியே போகலாமா என்பதற்கு இந்த அளவு. நாளைய திட்டத்துக்கு 24 மணி நேர முன்னறிவிப்பு. எங்கள் சூப்பர்வைசர்கள் கையில் இருக்கும் அட்டையில் இது இரண்டே வரிதான். வெப்பத்துக்கும் அதே அட்டையில் இடம் உண்டு. மனிதவள அமைச்சின் 2023 வழிகாட்டுதல்படி, வெப்பம், ஈரப்பதம், வெயில், காற்று எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடும் ஈரக்குமிழ் வெப்ப அளவு 32 பாகையை எட்டினால் கடினமான வெளி வேலை செய்வோருக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிட ஓய்வு.

மழை விஷயம் கொஞ்சம் வேறு மாதிரி, ஏனென்றால் அப்போது தோட்டப் பிரிவை நிறுத்தினால் வளாகமே மூழ்கும். டிசம்பர், ஜனவரியில் ஆசிய நிலப்பரப்பின் குளிர்கால உயர் அழுத்தத்திலிருந்து குளிர்க்காற்று திடீர் திடீரென்று தெற்கே பாயும். தென்சீனக் கடலில் காற்று வலுத்து, இங்கே நாள் கணக்கில் மழை கொட்டும். வடக்கே பனியாக விழும் குளிர்காலம் நமக்கு இப்படித்தான் வந்து சேர்கிறது. 2025 ஜனவரி 10, 11 இரண்டு நாளில் சாங்கியில் 255.2 மில்லிமீட்டர் பெய்தது. ஜனவரி மாதம் முழுவதற்குமான சராசரியே 222.4 தான். அத்தகைய நாளில் வடிகால் கம்பி வலையில் சேரும் இலைகளை யாராவது அள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். கீழ்த்தள வாகன நிறுத்தத்தில் வெள்ளத் தடுப்புப் பலகை போட வேண்டும். மின் அறைக்குள் நீர் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். இடிமின்னல் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் அத்தனை பேரும் உள்ளே வந்துவிட வேண்டும். அது அணைந்ததும் திரும்பப் போக வேண்டும். மாணவர்களுக்கு "வீட்டிலேயே இருங்கள்" என்று ஒரே சேதி போதும். இவர்களுக்கு ஒரு பகலில் ஏழெட்டுச் சேதி போகும்.

ஆண்டுதோறும் பருவமழைக்கு முன்னால், அக்டோபரில், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு சோதனைச் சேதி அனுப்புகிறோம். பேர் போடாதவர் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் அந்த வாரம் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவராக இருப்பார், அல்லது உள்ளூர்க் கைபேசி எண் இன்னும் வாங்காதவராக இருப்பார். அதனால் வளாக நுழைவட்டை கொடுக்கும் மேசையிலேயே பேசும் மொழியையும் கைபேசி எண்ணையும் கேட்டுப் பதிவு செய்கிறோம். துணை ஒப்பந்த ஆட்கள், இரவு முறைக் காவலர்கள், உணவங்காடிக் கடைகளில் உதவிக்கு வருகிறவர்கள் ஆகியோரில் இன்னும் பலர் பட்டியலுக்கு வெளியே இருக்கிறார்கள். உணவங்காடிக் கடைக்காரர்களிடம் அடுத்த பருவம் தொடங்கும் முன் பேசுவதாக இருக்கிறோம்.